வாசகசாலையில் விளைந்த அரசியல்

ஓட்டு எண்ணும் நாளன்றுதான் அரசியல் மாறுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஓட்டுப் பெட்டி என்பது அறுவடைக் களம். உழுததும் விதைத்ததும் அதற்கு வெகுகாலம் முன்பே நடந்து முடிந்திருக்கும். தெருமுனைச் சங்கங்கள், வாசகசாலைகள், இராப் பள்ளிக்கூடங்கள், நாலு பக்க வாரப் பத்திரிகைகள், அவற்றில் கண்விழித்து எழுதிய அறிஞர்கள், அவற்றுக்குச் சந்தா கட்டிய ஏழைத் தொழிலாளர்கள்: ஆட்சி மாற்றத்தின் வேர்கள் இவர்களே.

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. கோலார் தங்கவயலே சான்று. தங்கம் எடுத்த ஊர் என்று உலகம் இதை அறியும். கருத்து விளைந்த ஊர் என்பதைத் தங்கவயல் பிள்ளைகளே மறந்து வருகிறார்கள். மறந்தால் நஷ்டம் பழம்பெருமைக்கு மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. நாளைய வாழ்வுக்கும் அது நஷ்டமே.

ஒரு பைசாப் பத்திரிகை

1880-ம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே சுரங்க வேலையை எடுத்துக் கொண்டது. வட ஆற்காடு, சேலம், சித்தூர் ஜில்லாக்களிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வந்து குடியேறின. அவர்களில் பெரும்பாலோர் ஆதிதிராவிட மக்கள். ஊரில் பண்ணையாரின் முன் கைகட்டி நின்றவர்கள். இங்கே வேலை கொடுமையானது. பாறை வெடிப்பும் கல் தூசியும் எத்தனையோ பேரின் உயிரைக் குடித்தன. ஆனாலும் கையில் ரொக்கச் சம்பளம் வந்தது. யார் வீட்டுக் கொல்லையிலும் நின்று வாங்க வேண்டிய கூலி இல்லை அது. அந்தச் சம்பளத்தில் ஒரு பகுதி சாராயக் கடைக்குப் போனது உண்மை. இன்னொரு பகுதி சங்கத்துக்கும் பத்திரிகைக்கும் போனது என்பதும் அதே அளவு உண்மை.

அயோத்திதாசப் பண்டிதர் 1898-ம் ஆண்டில் கர்னல் ஆல்காட்டின் துணையோடு இலங்கை சென்று பௌத்தம் தழுவினார். சென்னை ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். அதற்கு முன்பே, 1891-ம் ஆண்டில், திராவிட மகாஜன சபையின் பேரால் நீலகிரியில் மாநாடு கூட்டி, கல்வியும் உத்தியோகமும் மரியாதையும் கேட்டு அரசாங்கத்துக்குத் தீர்மானங்கள் அனுப்பியவர் அவர். 1907-ம் ஆண்டு ஜூன் 19-ந் தேதி அவர் ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார். பெயர் ‘ஒரு பைசாத் தமிழன்’. விலை பெயரிலேயே இருந்தது. பக்கம் நாலு. மறு வருஷம் அது ‘தமிழன்’ ஆயிற்று. ஜாதியை வைத்துக்கொண்டு கேட்கிற சுயராஜ்யம் யாருக்காக என்பதே அந்தப் பத்திரிகை திரும்பத் திரும்ப எழுப்பிய கேள்வி.

அந்தக் கேள்விக்கு முதலில் செவி கொடுத்த ஊர்களில் தங்கவயல் ஒன்று. மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீபிலும் சங்கத்தின் கிளைகள் எழுந்தன. பெங்களூர், ஹூப்ளி, கடல் கடந்து ரங்கூன், டர்பன் என்று தமிழ்த் தொழிலாளி போன இடமெல்லாம் கிளை முளைத்தது. மாரிக்குப்பத்தில் எம்.ஒய். முருகேசர் போன்றவர்கள் சங்கத்தைக் கட்டிக் காத்தார்கள். புரோகிதர் இல்லாமல் கல்யாணம் நடந்தது. சொற்பொழிவுகள் நடந்தன. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். ஒரு பிரதியை வாங்கினவர் ஒருவர். அதன் சேதி போய்ச் சேர்ந்தது ஒரு லைன் முழுவதற்கும்!

1914-ம் ஆண்டு மே 5-ந் தேதி பண்டிதர் மறைந்தார். அவர் மகன் சிறிது காலம் நடத்தியும் பத்திரிகை நிலைக்கவில்லை. அதை 1926-ம் ஆண்டில் மீண்டும் உயிர்ப்பித்தது எந்த ஊர்? தங்கவயல்! ஜி. அப்பாதுரையார் இங்கிருந்து ‘தமிழன்’ பத்திரிகையை மறுபடி வெளியிட்டார். சென்னையில் நின்றுபோன ஏட்டுக்குச் சுரங்கத் தொழிலாளியின் காசு மூச்சுக் கொடுத்தது. தங்கவயல் சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களை வெளியிட்டது. பெரியார் 1925-ம் ஆண்டில் தொடங்கிய சுயமரியாதை இயக்கத்துக்கும் இங்கே வரவேற்பு கிடைத்தது.

வருஷங்களை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். டாக்டர் அம்பேத்கர் நாகபுரியில் லட்சக்கணக்கானவர்களோடு பௌத்தம் தழுவியது 1956-ம் ஆண்டில். திராவிட இயக்கம் சென்னைக் கோட்டையில் ஆட்சி அமைத்தது 1967-ம் ஆண்டில். அந்த இரண்டு பெரிய மாற்றங்களுக்கும் உரிய பேச்சு, பல பத்து ஆண்டுகள் முன்னதாகவே மாரிக்குப்பத்தில் நடந்து கொண்டிருந்தது. சுரங்கத்திலிருந்து களைத்து ஏறி வந்த மனிதர்கள், தூக்கத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் பேசிய பேச்சு அது.

ரேகை வைக்க மறுத்தவர்கள்

பேச்சோடு நின்றதா? இல்லை. 1930-ம் ஆண்டில், தொழிலாளர் அனைவரும் கைரேகை பதிந்து பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று நிர்வாகம் உத்தரவு போட்டது. ரேகை எடுப்பது திருடனுக்குச் செய்யும் காரியம் என்று தொழிலாளர் கொதித்தார்கள். வேலை நின்றது. முறையான தொழிற்சங்கம் இல்லாத காலம் அது. ஆனாலும் உறுதி குலையவில்லை. கடைசியில் நிர்வாகம்தான் இறங்கி வந்தது.

அந்த வேலைநிறுத்தம் கூலி உயர்வுக்காகத் தொடங்கியதல்ல, மானத்துக்காகத் தொடங்கியது. இருபது வருஷத்துக்கும் மேலாகச் சங்கங்களில் ‘நீ யாருக்கும் தாழ்ந்தவன் அல்ல’ என்ற போதனையைக் கேட்டு வளர்ந்த தலைமுறை அது. அந்தப் போதனைக்கும் இந்த மறுப்புக்கும் சம்பந்தமே இல்லை என்று யார் சொல்ல முடியும்?

1940-களில் கே.எஸ். வாசன் போன்ற கம்யூனிஸ்டுகள் வந்தார்கள். தொழிற்சங்கம் வலுப்பெற்றது. 1946-ம் ஆண்டு நவம்பர் 4-ந் தேதி போலீஸ் நடவடிக்கையில் ஆறு தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அந்தத் தியாகிகளின் நினைவு நாள் தங்கவயலின் நாட்காட்டியில் இடம் பெற்றது. 1954-ம் ஆண்டில் டாக்டர் அம்பேத்கரே தங்கவயலுக்கு வந்தார். 1957-ம் ஆண்டுத் தேர்தலில் இந்த இரட்டை உறுப்பினர் தொகுதியிலிருந்து இருவர் மைசூர் சட்டசபைக்குப் போனார்கள். ஒருவர் கம்யூனிஸ்ட் கட்சியின் எம்.சி. நரசிம்மன். மற்றவர் அம்பேத்கரின் ஷெட்யூல்டு வகுப்பினர் சம்மேளனத்தைச் சேர்ந்த சி.எம். ஆறுமுகம். நாடெங்கும் காங்கிரஸ் அலை வீசிய காலத்தில் தங்கவயல் மட்டும் தன் வழியில் ஓட்டுப் போட்டது. அந்த ஓட்டு வாசகசாலையில் விளைந்த பயிர்.

போலந்து தரும் பாடம்

சுரங்கத் தொழிலாளியும் எழுத்தாளனும் கைகோத்தால் ஒரு தேசமே மாறும் என்பதை உலகுக்குக் காட்டியது போலந்து. அங்கே 1968-ம் ஆண்டில் மாணவர்களும் அறிஞர்களும் கிளர்ந்தெழுந்தார்கள். தொழிலாளர் ஒதுங்கி நின்றார்கள். கிளர்ச்சி நசுக்கப்பட்டது. 1970-ம் ஆண்டில் துறைமுகத் தொழிலாளர் கிளர்ந்தார்கள். அறிஞர்கள் ஒதுங்கி நின்றார்கள். துப்பாக்கிச் சூட்டில் பலர் மாண்டார்கள். தனித்தனியாக நின்றதால் இரு சாராரும் அடிபட்டார்கள்.

1976-ம் ஆண்டில்தான் கண் திறந்தது. வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் சிறைப்பட்டபோது, வக்கீல்களும் எழுத்தாளர்களும் பேராசிரியர்களும் சேர்ந்து தொழிலாளர் பாதுகாப்புக் குழுவை அமைத்தார்கள். முதலில் அவர்கள் கொள்கைப் பிரசங்கம் செய்யவில்லை. சிறைப்பட்டவர் குடும்பத்துக்கு அரிசி பருப்பு வாங்கிக் கொடுப்பது போன்ற உதவிகளைச் செய்தார்கள்; கோர்ட்டில் வழக்காடினார்கள். பிறகு தொழிலாளருக்கென்று ரகசியப் பத்திரிகை அச்சிட்டார்கள். வீடுகளில் வகுப்பு நடத்தினார்கள். நாலே வருஷத்தில், 1980-ம் ஆண்டில், ‘சாலிடாரிட்டி’ சங்கம் பிறந்தது. ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் அதில் சேர்ந்தார்கள். 1981-ம் ஆண்டு டிசம்பரில் ராணுவச் சட்டம் வந்தது. வூயெக் நிலக்கரிச் சுரங்கத்தில் ஒன்பது தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆனாலும் அந்தச் சங்கத்தைப் புதைக்க முடியவில்லை. 1989-ம் ஆண்டில் தேர்தல் நடந்தது. மஸோவியெட்ஸ்கி என்ற ஒரு பத்திரிகை ஆசிரியரே பிரதமராக வந்தார்!

பாடம் தெளிவானது. கருத்து உள்ளவன் தனியாக நின்றால் அது புலம்பல். கை உள்ளவன் தனியாக நின்றால் அது கலவரம். இரண்டும் சேர்ந்தால்தான் அது இயக்கம்.

1983: தனித்து நின்ற தங்கவயல்

இதே பாடத்தைக் கர்நாடகமும் கற்றது. 1970-களில் பி. கிருஷ்ணப்பா, தேவனூர் மகாதேவ, சித்தலிங்கையா ஆகியோர் முன்நின்ற தலித் சங்கர்ஷ சமிதி கிராமம் கிராமமாகப் பரவியது. 1979-ம் ஆண்டில் கன்னட எழுத்தாளர்கள் ‘பண்டாய’ இலக்கிய இயக்கத்தைத் தொடங்கினார்கள். 1980-ம் ஆண்டில் நரகுந்து, நவலகுந்து விவசாயிகள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அதையொட்டி விவசாயிகள் சங்கம் பிறந்தது. 1982-ம் ஆண்டில் நடிகர் ராஜ்குமார் முன்நிற்க கோகாக் கிளர்ச்சி நடந்தது. இந்த அலைகள் எல்லாம் சேர்ந்து 1983-ம் ஆண்டு ஜனவரியில் காங்கிரஸ் ஆட்சியைக் கவிழ்த்தன. ராமகிருஷ்ண ஹெக்டே கர்நாடகத்தின் முதலாவது காங்கிரஸ் அல்லாத முதல்வர் ஆனார். அந்த மாற்றம் வெறும் நாற்காலி மாற்றமாக இல்லை. 1983-ம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டமும், அதன்படி 1987-ம் ஆண்டில் பெண்களுக்கு இருபத்தைந்து சதவீத இடஒதுக்கீட்டோடு நடந்த ஜில்லா பரிஷத் தேர்தலும் அதன் பலன்கள்.

அந்த வருஷம் தங்கவயல் யாரைத் தேர்ந்தெடுத்தது? அ.தி.மு.க. வேட்பாளர் பக்தவத்சலத்தை. அது குற்றமா? இல்லை. கோகாக் கிளர்ச்சியின் குரலில், தமிழ் வழியில் படிக்கும் தங்கள் பிள்ளைகளின் கதி என்ன ஆகுமோ என்ற அச்சம் இங்குள்ள தாய் தந்தையருக்கு இருந்தது. அச்சத்தில் இருப்பவன் சொந்த பாஷை பேசும் கட்சியின் நிழலைத் தேடுவது இயற்கை.

ஆனால் அதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டியதாயிற்று. மாநிலம் முழுவதும் ஒரு பெரிய விவாதம் நடந்தபோது தங்கவயல் தன் வீட்டுக்குள் இருந்துவிட்டது. தலித் விடுதலை பற்றி அறுபது எழுபது வருஷம் முன்னதாகவே பேசிய ஊர் இது. அதே விஷயத்தைக் கன்னடத்தில் பேசத் தொடங்கியவர்களுக்கு மூத்த அண்ணனாக நின்று வழி சொல்லியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. 1985-ம் ஆண்டில் மார்க்சிஸ்ட் கட்சியின் டி.எஸ். மணி, 1989-லும் 1999-லும் மறுபடி அ.தி.மு.க., 1994-லும் 2004-லும் ரிபப்ளிகன் கட்சியின் ராஜேந்திரன் என்று ஓட்டு மாறி மாறி விழுந்தது. ஆள் மாறினார்கள். ஆனால் 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி பாரத் தங்கச் சுரங்கம் மூடப்பட்டபோது, தங்கவயலுக்காகப் பெங்களூரில் குரல் கொடுக்க வலுவான துணை இல்லை. தொழிற்சங்கங்கள் கோர்ட்டுப் படியேறி வருஷக்கணக்கில் தனியாகப் போராட வேண்டியதாயிற்று.

இருபுறமும் கூரான கத்தி

சங்கம் என்றாலே நன்மை என்று சொல்லிவிட முடியாது. 1991-ம் ஆண்டு டிசம்பரில் காவிரி இடைக்கால உத்தரவையொட்டிப் பெங்களூரில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தனவே, அந்த வெறுப்பும் கூட்டம் போட்டுப் பேசி வளர்க்கப்பட்டதுதான். பேச்சு விதைத்தால் பேச்சுதான் விளையும். வெறுப்பு விதைத்தால் நெருப்பு விளையும்.

அதே பெங்களூரில், 1991-ல் திறக்க முடியாமல் போன திருவள்ளுவர் சிலை பதினெட்டு வருஷம் மூடிக் கிடந்தது. 2009-ம் ஆண்டு ஆகஸ்டில் அல்சூரில் அது திறக்கப்பட்டது. சில நாளில் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. இரு முதல்வர்கள் மேடையில் நின்றார்கள். ஆனால் அந்த மேடைக்கு வழி போட்டது, 1950-ம் ஆண்டில் தொடங்கிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் போன்ற அமைப்புகளும், இரு மொழியிலும் நட்பு பேணிய எழுத்தாளர்களும் விடாமல் செய்த முயற்சியே. கத்தி ஒன்றுதான். காய் நறுக்குவதும் கழுத்தை அறுப்பதும் பிடித்த கையைப் பொறுத்தது.

சங்கங்களுக்குள் இன்னொரு நோயும் உண்டு. அது தலைவர் நோய். ஒரு கொள்கைக்கு ஒரு சங்கம் என்பது போய், ஒரு தலைவருக்கு ஒரு சங்கம் என்று ஆகிவிடுகிறது. பிறகு அவர் பிறந்தநாள் விழாவோடு சங்கத்தின் வேலை முடிந்துவிடுகிறது. அம்பேத்கரின் பெயரால் தொடங்கிய ரிபப்ளிகன் கட்சி துண்டு துண்டாகச் சிதறியதை நாடு பார்த்தது. கருத்தை மையமாக வைத்த சங்கம் தலைவர் போன பின்னும் நிற்கும். பண்டிதர் மறைந்து பன்னிரண்டு வருஷம் கழித்து அவர் பத்திரிகையைத் தங்கவயல் மீட்டது அல்லவா? அதுவே உரைகல்.

இன்றைய நிலை

இன்று தங்கவயலின் நிலை என்ன? 1894-ம் ஆண்டில் சுரங்கத்துக்காகப் போட்ட ரயில் பாதையில், இப்போது விடிவதற்கு முன்பே இளைஞர்களும் பெண்களும் பெங்களூருக்குப் புறப்படுகிறார்கள். இருட்டிய பிறகு திரும்புகிறார்கள். அவர்களுக்கு வாசகசாலைக்குப் போக நேரம் ஏது? லைன் வீடுகள் நிற்கின்றன. மலை போல் குவிந்த சயனைட் மண்ணின் தூசி காற்றடித்தால் கண்ணிலும் நெஞ்சிலும் விழுகிறது. ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை வேட்பாளர்கள் வந்து சுரங்கத்தைத் திறப்பதாகவும் தொழிற்சாலை கொண்டு வருவதாகவும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். கேள்வி கேட்டுக் கணக்குத் தீர்க்கும் பொது இடம் குறைந்துவிட்டது. கைபேசியில் ஓடி மறையும் சேதி, நாலு பேர் கூடிப் படித்து வாதிடுவதற்கு ஈடாகாது.

சென்னை கிண்டியில் அயோத்திதாசப் பண்டிதருக்குத் தமிழக அரசு மணிமண்டபம் கட்டி 2023-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி திறந்தது. பாராட்ட வேண்டிய காரியம். 1999-ம் ஆண்டில் ஞான. அலாய்சியஸ் அவருடைய எழுத்துகளைத் தொகுத்துப் பாளையங்கோட்டையிலிருந்து வெளிக்கொணர்ந்தார். பழைய இதழ்கள் அழியாமல் கிடைத்ததால்தான் அது முடிந்தது. அந்தப் பண்டிதரைத் தூக்கிச் சுமந்த தங்கவயலில், அந்த வரலாற்றை ஒரு பள்ளிப் பிள்ளை போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ள ஒரு இடம் வேண்டாமா?

செய்ய வேண்டியவை

முதல் காரியம், லைன் தோறும் வாசகசாலை. பெரிய கட்டடம் தேவையில்லை. ஒரு அறை, ஒரு விளக்கு, தமிழிலும் கன்னடத்திலும் இரண்டு நாளேடுகள் போதும். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் திறந்தாலும் லாபமே. பயன்படாமல் கிடக்கும் கட்டடங்களில் சிலவற்றை இதற்கு ஒதுக்கும்படி நகரசபை முயற்சி எடுக்க வேண்டும்.

இரண்டாவது, பழைய ஏடுகளைக் காப்பது. பரணிலும் பெட்டியிலும் கிடக்கும் பத்திரிகைகள், சங்க நோட்டீசுகள், தொழிற்சங்கத் துண்டறிக்கைகள், புகைப்படங்கள் எல்லாம் செல்லரிக்கும் முன் ஓரிடத்தில் சேர வேண்டும். பெரியவர்கள் இருக்கும்போதே அவர்கள் நினைவில் இருப்பதையும் கேட்டு எழுதிவிட வேண்டும்.

மூன்றாவது மிக முக்கியம். தங்கவயல் தமிழர் கர்நாடகத்தின் பொது விவாதத்தில் உட்கார வேண்டும். இங்குள்ள பிள்ளைகள் கன்னடம் படிக்கிறார்கள், பேசுகிறார்கள். அவர்கள் இரு கரைக்கும் பாலம். பண்டிதரும் அப்பாதுரையாரும் கன்னட வாசகரிடம் போக வேண்டும். தேவனூர் மகாதேவவும் சித்தலிங்கையாவும் லைன் வீட்டுத் திண்ணைக்கு வர வேண்டும். 2023-ம் ஆண்டுத் தேர்தலின்போது ‘எத்தேளு கர்நாடகா’ என்ற பெயரில் பல அமைப்புகள் ஒன்றுசேர்ந்து வாக்காளரிடையே வேலை செய்தன. அவர்கள் நிலையோடு ஒருவர் ஒத்துப்போகலாம், மறுக்கலாம். ஆனால் தேர்தலுக்கு வெகுமுன்பே அவர்கள் வேலை தொடங்கியதையும், கட்சிக்கு வெளியே நின்று தொடங்கியதையும் கவனிக்க வேண்டும். அடுத்த முறை இப்படி ஒரு பேச்சு எழும்போது, தங்கவயலின் குடிநீரும், சயனைட் மண்ணும், லைன் வீட்டுப் பட்டாவும் அந்தப் பேச்சில் இடம் பெற வேண்டும். வீட்டுக்குள் இருந்துகொண்டு ‘எங்களை யாரும் கேட்கவில்லை’ என்று குறைபட்டால் பயன் இல்லை.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்று கேட்பார்கள். உயிரைப் பணயம் வைத்துப் பூமிக்கு அடியில் இறங்கியவர்கள், அந்தச் சொற்பக் கூலியிலேயே ஒரு பத்திரிகையை நடத்தினார்கள். கோயில் போல் ஒரு சங்கத்தைக் கட்டினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் கையில் அந்த அளவு பணமாவது இன்று உண்டு.

பூமியில் இருந்த தங்கம் கம்பெனிக்குப் போயிற்று. பிறகு சர்க்காருக்குப் போயிற்று. அதில் தொழிலாளிக்கு மிஞ்சியது கொஞ்சம். ஆனால் வாசகசாலையில் எடுத்த கருத்து முழுவதும் தங்கவயல் மக்களின் சொந்தச் சொத்து. அதை யாரும் மூட முடியாது, அவர்களே மூடினால் ஒழிய. திறந்து வைக்கும் பொறுப்பு இந்தத் தலைமுறையுடையது.